அந்தக் கார் எத்தனை கை?

ஜூன் 12

பகவதி இந்த டைரியை என் முன்னால் போட்டு, "எங்கிட்ட பொலம்புனது போதும். இனிமே இதுல பொலம்புங்க, நான் நாடகம் பாக்கணும்" என்று சொல்லிவிட்டாள். கட்டின மனைவிக்கு என்மேல் உள்ள அக்கறை அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். பள்ளி திறந்த அன்று ஆசிரியர் கூட்டத்தில் எங்கள் தாளாளர் சுடலைமுத்து எழுந்து, "இந்த வருசம் பத்தாம் வகுப்புல நூத்தியிருவது சதவீதம் தேர்ச்சி காட்டணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தென்காசியில் இருபது வருடமாக இதே பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் கோமதிநாயகமாகிய நான் மட்டும் சும்மா இருக்க மாட்டாமல், "சார், பரீட்சை எழுதுறது நூறு பேருன்னா, நூத்தியிருவது பேரு எப்படி பாஸாவான்?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. தாளாளர் சிரிக்கவில்லை.

இன்று கூப்பிட்டு அனுப்பினார். பிரி.கே.ஜி. மிஸ் பிரசவ விடுப்பில் போய்விட்டாராம். அந்த இடத்துக்கு நானாம்.

"உமக்குத்தான் கணக்கு நல்லா வருமே. ஒண்ணுலேருந்து ஆரம்பியும்" என்றார். பிறகு கொஞ்சம் மனமிரங்கி ஒரு நிபந்தனையும் போட்டார். "நவம்பர் பதினாலு, கொழந்தைக தினம் வரைக்கும் ஒரு புகார் வராம ஓட்டிட்டீருன்னா, மறுபடி பத்தாம் வகுப்பத் தாரேன். ஒரே ஒரு புகார் வந்துச்சோ, வருசம் முச்சூடும் அங்கதான் கெடக்கணும்."

மூன்று வயதுப் பிள்ளைகளோடு ஒரு வருடம். கடவுளே, ஒரு புகாரும் வரக்கூடாது.

ஜூன் 13

இருபத்திரண்டு பேரும் அழுதார்கள். நானும் சேர்ந்திருப்பேன். ஆயா இசக்கியம்மாள் டீ கொடுத்துக் காப்பாற்றினாள்.

ஜூன் 17

இவர்கள் என்னை 'மிஸ்' என்று கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் மிஸ் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"மிஸ் இல்ல. சார்" என்றேன்.

"சரி மிஸ்" என்றாள் ரிதன்யா. ரெட்டைச் சடை, மூக்கொழுகல், யாருக்கும் பயப்படாத பார்வை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மிஸ், ஒங்க மீச குத்துமா?" என்று கேட்டாள்.

கரும்பலகையில் ஒன்று முதல் பத்து வரை என் அழகான கையெழுத்தில் எழுதினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபஹீம் என்கிற பயல் மட்டும் எழுந்து வந்து என் 8-ஐ நக்கிப் பார்த்தான்.

ஜூன் 24

போன மிஸ் விட்டுப்போன அலமாரியைத் திறந்தேன். பாட்டில் மூடி, நூல்கண்டு, ஐஸ் குச்சி, ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை. பள்ளிக்கூடமா, பழைய சாமான் கடையா என்று சலித்துக்கொண்டே புளியங்கொட்டையை மட்டும் எடுத்து ஆளுக்கு ஐந்து கொடுத்தேன். அறை அமைதியானது. நான் வந்த நாளிலிருந்து முதல் அமைதி.

அந்த அமைதியில் ஃபஹீம் ஒரு கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டான்.

"இசக்கியம்மா!" என்று கத்தினேன். இசக்கியம்மாள் ஓடிவந்து அவனுடைய மூக்கின் மறு துளையைப் பொத்தி, "மூக்கச் சிந்துல ராசா" என்றாள். கொட்டை பறந்து வந்து என் சட்டையில் ஒட்டியது. கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவானேன் என்று கழித்தல் நடத்தினேன். "ஃபஹீம்கிட்ட அஞ்சு கொட்ட இருந்துச்சு. ஒண்ணு மூக்குக்குள்ள போயிட்டு. இப்ப எத்தன?"

"அஞ்சுதான் மிஸ்" என்றாள் ரிதன்யா. "நாலு கையில, ஒண்ணு மூக்குல."

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. இதை வெளியில் யாரிடமும் சொல்வதாக இல்லை.

ஜூலை 9

ஒரு வாளித் தண்ணீர் வைத்து, 'முங்குமா, மிதக்குமா' விளையாட்டு. போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் எல்லோரும் கத்திச் சொல்ல வேண்டும். கல் முங்கியது. தக்கை மிதந்தது. என் ஸ்கூட்டர் சாவியும் முங்கியது. அதைப் போட்டது யார் என்று தெரியவில்லை. ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு போட்டோம், மிதந்தது. இசக்கியம்மாள் தோலை உரித்துக் கொடுத்தாள், மறுபடி போட்டோம், முங்கிவிட்டது!

"ஏன் மிஸ்?" என்று இருபத்திரண்டு பேரும் கேட்டார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பயல் என்னை ஏன் என்று கேட்டதில்லை. எத்தனை மார்க்குக்கு வரும் என்றுதான் கேட்பான்.

வீட்டுக்கு வந்து வாளியில் மூன்று ஆரஞ்சைப் போட்டுப் பார்த்தேன். தோலுக்குள் காற்று இருக்கிறது, அதுதான் தூக்கிப் பிடிக்கிறது. பகவதி குளியலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பழத்தக் குளிப்பாட்டி முடிச்சா நீங்க குளிச்சிட்டு வாங்க" என்றாள்.

ஜூலை 10

ஆபத்து. ஃபஹீமின் உம்மா ரமீஜா வாசலில் நின்றார். கையில் ஒரு டிபன் பாக்ஸ், அதற்குள் அரிசி, அரிசிக்குள் செல்போன்.

"வாளியில போட்டுட்டான் சார். கேட்டா, 'முங்கிட்டு உம்மா'ன்னு சந்தோசமா சொல்லுதான். அதுமட்டுமா, மிதக்கும்னு சொன்ன அவம் வாப்பாவப் பாத்து, 'நீங்க தப்பு'ன்னு வேற சொல்லுதான். நான் ஆபீசுல சொல்லாம விடப்போறதில்ல."

என் பத்தாம் வகுப்பு கண்ணெதிரே தண்ணீருக்குள் முங்கிக்கொண்டிருந்தது. ஃபஹீமின் அக்கா நஸ்ரின் பத்தாவது படிக்கிறாள் என்பது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. அவளுக்கு முக்கோணவியல் வராது. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் நான் சொல்லிக் கொடுப்பதாக ஒப்பந்தம். ரமீஜா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 11

செல்போன் வேலை செய்கிறதாம். அரை மணி நேரம் அநியாயமாகப் போயிற்று.

ஆகஸ்ட் 6

வெண்டைக்காயை வெட்டிச் சாயத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் பூ வருகிறது. பாகற்காயில் சக்கரம் வருகிறது. பகவதி காய்கறிக் கூடையைப் பூட்டி வைக்க முடியுமா என்று பார்க்கிறாள்.

மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீரைக் குச்சியால் தொட்டுக் கோடு போட்டார்கள். கோடு சிவப்பாக எழுந்தபோது வகுப்பே மூச்சை இழுத்தது. நானும் இழுத்தேன். சாரல் காற்றின் குளிர்தான் காரணமாக இருக்கும்.

ஆகஸ்ட் 29

தாளாளர் புதுக் கார் வாங்கியிருக்கிறார். வெள்ளை வெளேரென்று, அவர் வேட்டியைவிட வெள்ளை. பள்ளி வாசலில் வைத்துப் பூஜை. மாணவர் எல்லோரும் வரிசையில் நின்று பார்க்க வேண்டுமாம். பத்தாம் வகுப்பு ஜோடி ஜோடியாகப் பேசிக்கொண்டு நின்றது. என் கூட்டம் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

டிரைவர் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். ஃபஹீம் பரபரப்பாகி, "மிஸ், முங்குமா, மிதக்குமா?" என்று கத்தினான். வண்டி நகர்ந்தது. "நசுங்கும்!" என்று அவனே விடையும் சொல்லிவிட்டான். தாளாளர் திரும்பி முறைத்தார்.

"காருப் பக்கத்துல ஒரு புள்ள வரக்கூடாது, வே. ஒரு வெரல் படக்கூடாது" என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நானும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 17

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

கையால் அளப்பது பாடம். மேஜை எத்தனை கை நீளம்? ஒரு கையை வைத்து, அதன் விரல் நுனியில் அடுத்த கையை வைத்து, எண்ணிக்கொண்டே போக வேண்டும். நான் செய்து காட்டினேன். அவர்கள் செய்யும்போது பாதியில் யாராவது தும்முவார்கள், எண் மறந்துபோகும், முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். நாலு தடவை இப்படி. எனக்குக் கோபம் வந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் பீட்ரூட் சாயத் தட்டு இருந்தது. ரிதன்யா போய் அதில் இரண்டு கையையும் முக்கினாள். மேஜை ஓரத்திலிருந்து பொத், பொத், பொத் என்று வைத்துக்கொண்டே வந்தாள். கை பதிந்தது. யாரோ தும்மினார்கள். அவள் கவலைப்படவில்லை. கடைசி வரை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, பதிந்திருந்த கைகளை நிதானமாக எண்ணினாள்.

"பதிமூணு மிஸ்."

பத்தோடு அவள் எண்ணிக்கை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். மறக்காமலிருக்க அடையாளம் வைத்துக்கொண்டு, பிறகு எண்ணுவது! யாரும் சொல்லிக் கொடுக்காமல் அந்த மூக்கொழுகிக்குத் தோன்றியிருக்கிறது. நான் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். கண்ணில் ஏதோ விழுந்திருந்தது. இசக்கியம்மாள், "என்ன சார், ரெண்டு கண்ணுலயுமா விழுந்துட்டு?" என்று கேட்டாள். அவளுக்கு வாய் ஜாஸ்தி.

செப்டம்பர் 22

எல்லாவற்றையும் சாயக் கையால் அளந்துவிட்டார்கள். கதவு, பெஞ்சு, இசக்கியம்மாளின் முந்தானை, என் முதுகு. நான் ஐந்து கை.

ஃபஹீம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மிஸ், அந்தக் காரு எத்தன கை?" என்று கேட்டான். அதைத் தொடக்கூடாது என்று சொன்னேன். நல்ல கேள்விதான். ஆனால் தொடக்கூடாது.

அக்டோபர் 9

ரிதன்யாவின் அம்மா வந்தார். "வீட்டுல தோசைய அளந்துதான் திங்கா சார். 'இது ரெண்டு கை தோச, எனக்கு மூணு கை தோச ஊத்து'ங்கா. முன்னெல்லாம் ஒரு வாய் உள்ள போவாது. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். புகார் இல்லை. தப்பித்தேன்.

அக்டோபர் 21

தீபாவளி விடுமுறை. வீட்டில் நிம்மதியாக இருக்கிறது. சலிப்பாக இருக்கிறது.

அக்டோபர் 27

தாளாளர் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பரவால்ல வே. ஒரு புகாரில்ல. பதினாலாம் தேதி விழா முடியட்டும், பதினேழுலேருந்து நீரு பத்தாம் வகுப்புக்குப் போயிரும். பிரி.கே.ஜி.க்கு என் கொழுந்தியா வாரா. பெஞ்சு, டெஸ்க்கு எல்லாம் ஆர்டர் போட்டாச்சு. நாலு கோடு நோட்டுல எழுத வைக்கணும். அந்த அலமாரிக் குப்பையெல்லாம் அள்ளி வெளிய போடச் சொல்லிரும்."

"வாளி?" என்று கேட்டேன்.

"எந்த வாளி?"

மூன்று வயதுக் கை. பென்சிலைப் பிடித்தால் விரல் நோகும். பரவாயில்லை, அது கொழுந்தியாளின் பாடு. நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. பத்தாம் வகுப்பை இத்தனை நாளாக நடத்தும் ஜான்சி டீச்சரைப் பையன்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம். அவரை எட்டாம் வகுப்புக்கு மாற்றுகிறார்களாம். அதுவும் என் கவலை இல்லை.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. பகவதியிடம் வாயுத் தொல்லை என்று சொன்னேன். அவள் பெருங்காயம் கரைத்துக் கொடுத்துவிட்டு, "ஒரு புகார் வந்தா அங்கயேதான் இருக்கணும்னு சொன்னாருல்லா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை.

நவம்பர் 3

ரமீஜா வீட்டுப் பக்கம் தற்செயலாகப் போக நேர்ந்தது. பழைய கதை பேசிக்கொண்டிருந்தோம். "அன்னைக்கி செல்போன் தண்ணியில விழுந்துச்சே, அதப்பத்தி ஒங்களுக்கு மனசுல ஏதாவது கொறை இருந்தா, ஆபீசுல தாராளமா சொல்லலாம். நான் வருத்தப்பட மாட்டேன்" என்றேன்.

"என்ன சார் இப்படிச் சொல்லுதீய!" என்று அவர் பதறிப்போனார். "நஸ்ரினு கணக்குல எம்பத்தாறு வாங்கியிருக்கா. ஒங்களப்பத்தி நான் கொறை சொல்லுவனா? எம் நாக்கு அழுகிப் போயிராதா? இருங்க, புரோட்டா சாப்பிட்டுட்டுத்தான் போவணும்."

புரோட்டா நன்றாக இருந்தது. மனம்தான் சரியில்லை.

நவம்பர் 6

மண்ணியல் பாடம். மழை பெய்த மைதானத்தில் களிமண், வண்டல், மணல் மூன்றையும் கையால் பிசைந்து வித்தியாசம் காண்பது. வெள்ளைச் சீருடை அணியும் நாளாகப் பார்த்து நடத்த நேர்ந்தது தற்செயல். இருபத்திரண்டு பேரும் தலையிலிருந்து கால் வரை பழுப்பு.

சாயங்காலம் பெற்றோர் வந்தார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். சிரிக்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். "துணி கெடக்கு சார், தொவச்சா போவுது" என்கிறார்கள். இந்த ஊர்ப் பெற்றோருக்கு ஒரு கண்டிப்பும் கிடையாது.

நவம்பர் 11

ரிதன்யா என் மடியில் ஏறி உட்கார்ந்து மீசையைத் தொட்டுப் பார்த்தாள். "குத்துது" என்றாள். ஜூன் மாதம் கேட்ட கேள்விக்கு அவளே விடை கண்டுபிடித்துவிட்டாள். பிறகு, "அடுத்த வாரமும் நீங்கதான மிஸ்?" என்றாள். இசக்கியம்மாள் எல்லோரிடமும் உளறியிருக்கிறாள்.

எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்: எனக்குப் போகப் பிடிக்கவில்லை. இந்தப் பிள்ளைகளை விட்டு எங்கேயும் போகப் பிடிக்கவில்லை.

நவம்பர் 13

புதிதாக வாங்கிய நீல வண்ணம் தண்ணீரில் சுத்தமாகப் போய்விடுகிறது. வீட்டுச் சுவரிலும் என் ஸ்கூட்டரிலும் பூசிக் கழுவிப் பார்த்தேன். வெயிலில் காயவிட்டுக் கழுவினாலும் போகிறது. எதையும் சோதித்துப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம்.

நவம்பர் 14

இன்று நடந்த விபத்தைப்பற்றி உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

விழாவுக்கு மைதானத்தில் பந்தல் போட்டிருந்ததால் தாளாளர் காரை நிறுத்த இடமில்லை. பிரி.கே.ஜி. வாசலில் வேப்பமர நிழல் நன்றாக இருக்கும் என்று டிரைவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் என்று அவருக்கு ஞாபகமில்லை. எனக்கும் இல்லை.

எங்கள் வகுப்பில் பெற்றோர் பார்க்கப் பிள்ளைகள் செய்துகாட்டும் நிகழ்ச்சி. வெண்டைக்காய்ப் பூ ஆயிற்று. ஆரஞ்சு முங்கியாயிற்று. கடைசியாகக் கையால் அளப்பது. நீல வண்ணத் தட்டுகளை வாசலில் வைத்திருந்தேன். அறைக்குள் வைத்தால் தரை வழுக்கும். "பெருசா எதையாவது அளந்து காட்டுங்க பாப்போம்" என்று சொன்னேன். மேஜையைத்தான் மனதில் நினைத்துச் சொன்னேன். மேஜை உள்ளே இருந்தது, அது என் தவறு இல்லை.

ஃபஹீம் என்னைப் பார்த்தான். நான் அந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் இருப்பது தெரியாது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. என்ன ஒழுங்கு! முன் விளக்கிலிருந்து ஆரம்பித்து, ஆளுக்கு இரண்டு கை, ஒருவர் விரல் நுனியில் அடுத்தவர். தள்ளுமுள்ளு இல்லை, அழுகை இல்லை. பத்தாம் வகுப்பு இப்படி வரிசையாக நின்று நான் பார்த்ததில்லை. நடுவில் நிறுத்தினால் எண்ணிக்கை கெட்டுவிடும் என்பதால் நிறுத்தவில்லை. கடைசி ஆள் வைத்து முடித்தபோது பின் விளக்குக்குக் கொஞ்சம் இடம் பாக்கி இருந்தது. "மிஸ், ஒரு கை கொறையுது! மிஸ், வாங்க!" என்று ஃபஹீம் உயிர் போகிற மாதிரி கத்தினான். அந்தக் குறை எப்படியோ சரியாகிவிட்டது.

ரிதன்யா முன்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாள். முப்பதுக்கு மேல் அவளுக்குத் தெரியாததால் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள். நாற்பத்துநாலு சின்னக் கை, ஒரு பெரிய கை. கைதட்டல் பந்தல் வரைக்கும் கேட்டது. அதைக் கேட்டுத் தாளாளர் வந்தார்.

பெற்றோர் முன்னால் திட்ட முடியாமல் பல்லைக் காட்டிக்கொண்டே நின்றார். அரைமணி நேரம் கழித்துத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கோபத்தைக் காட்டினார்.

"புகார் ஒண்ணும் வரலையே சார்" என்றேன் பணிவாக.

"வரலையா? நாந்தாம்வே புகாரு! நானே குடுக்கேன்! ஒரு பெஞ்சு வராது, எங் கொழுந்தியாளும் வரமாட்டா, நீரு பத்தாம் வகுப்புப் பக்கம் தல வச்சுப் படுக்கக்கூடாது. வருசம் முச்சூடும் அந்த வாண்டுககிட்ட கெடந்து சாவும்!"

இருபது வருட அனுபவம் உள்ள ஒரு ஆசிரியருக்கு இப்படி ஒரு தண்டனை. மிகுந்த வேதனையோடு வீட்டுக்கு வந்தேன். வழியில் அல்வாக் கடையைப் பார்த்ததும் ஒரு கிலோ வாங்கினேன்.

பகவதி அல்வாவைப் பார்த்தாள். பிறகு என் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "நகக்கண்ணுல நீலம் போகல" என்று சொல்லிவிட்டு, தேங்காய் எண்ணெய் எடுத்துவரப் போனாள். பேனா மை கசிந்துவிட்டது என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை.

நவம்பர் 17

காரைக் கழுவியாயிற்று. ஒரு பொட்டு நீலம் இல்லை. ஆனால் கழுவுவதற்கு முன்னால் டிரைவர் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார். அதில் கடைசிக் கை மட்டும் பெரியதாக இருப்பதைத் தாளாளர் இப்போதுதான் கவனித்திருக்கிறார்.

என்னை அறைக்குக் கூப்பிட்டார். செல்போனைப் பெரிதாக்கிக் காட்டினார். "இது புள்ளைக கை இல்ல. யாரோ ஒரு தடிமாடு வச்சிருக்கான். அளக்கது ஒமக்குத்தான் கைவந்த வேலையாச்சே. எல்லாரு கையையும் அளந்து, யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லும்" என்றார்.

நாளை காலையிலிருந்து பள்ளியில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருடைய கையையும் அளக்கிறோம். அளக்கப்போவது பிரி.கே.ஜி. வகுப்பு. முதலில் தாளாளர் கையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று ஃபஹீம் பிடிவாதமாக இருக்கிறான். நீல வண்ணம் புதிதாகக் கரைத்து வைத்துவிட்டேன். விசாரணைக்கு நூற்றியிருபது சதவீதம் ஒத்துழைப்பதாகத் தாளாளரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.